ஸ்டிக்கரை விடுங்கள், மாடல் நம்பரைக் கேளுங்கள்

கல்லூரி திறக்கும் நேரம் என்பதால் இம்முறை லேப்டாப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

மகள் பி.டெக். ஐ.டி. சேர்ந்திருக்கிறாள். 45,000 ரூபாய்க்குள் வாங்க நினைக்கிறோம். கடையில் ஐ3 பிராசஸர் உள்ள ஒன்று, ரைசன் 5 பிராசஸர் உள்ள ஒன்று காட்டினார்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். "5 கிடைக்கும்போது 3 எதுக்கு சார்?" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா?
— ஒரு தந்தை, விழுப்புரம்

அந்த 5-ஐ மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதைக் கேளுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளிலும் அது அச்சாகியிருக்கும்.

ஐ3 விலையில் கிடைக்கும் ரைசன் 5 பெரும்பாலும் 7520யு ஆகத்தான் இருக்கும். ரைசனைத் தயாரிக்கும் ஏ.எம்.டி.யின் 7000 வரிசையில் முதல் இலக்கம் எந்த ஆண்டு மாடல் என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் சிப் எந்தத் தலைமுறை என்பதை மூன்றாவது இலக்கம் சொல்லும். 7520-இல் அது 2. அப்படியென்றால் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) நான்கே நான்கு. 7530யு என்று இருந்தால் ஜென் 3, ஆறு கோர். ஒரு இலக்கம்தான் வித்தியாசம், சிப் முற்றிலும் வேறு. இன்டெல் ஐ3-1215யு-வில் இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர் என மொத்தம் ஆறு. அன்றாட வேலைகளில் இது 7520யு-வைத் தாண்டிவிடும். ஆகவே உங்களுக்குக் காட்டியவை 1215யு, 7520யு என்றால் தயங்காமல் ஐ3-ஐ எடுங்கள். கொஞ்சம் பணம் சேர்த்து ரைசன் 5 7530யு அல்லது ஐ5-1235யு கிடைத்தால் அதைவிட நல்லது. 'ஐ' என்ற எழுத்தே இல்லாமல் கோர் 3 100யு, கோர் 5 120யு என்று வருபவையும் இந்த இன்டெல் குடும்பத்தைச் சேர்ந்தவைதான், வாங்கலாம். இன்டெல்லின் அடிமட்டச் சிப்பான செலரான் என்று எழுதியிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஐ.டி. படிப்புக்கு வேண்டாம்.

அடுத்து ராம். 8 ஜி.பி.யில் முதலாம் ஆண்டு ஓடிவிடும். போன் ஆப் செய்ய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, போன் போலவே நடிக்கும் எமுலேட்டரையும் ஓட்டும் நாள் வந்தால் மூச்சு முட்டும். ஆகவே நான்கு வருடத்தில் ஒருநாள் 16 ஜி.பி. தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2025-இன் கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், 16 ஜி.பி.யோடு வரும் மாடல் உங்கள் தொகைக்குள் சிக்காமல் போகலாம். அப்போது 8 ஜி.பி. மாடலையே எடுங்கள், ஆனால் பிறகு ராம் சேர்க்க முடியுமா என்று பார்த்து எடுங்கள். 7520யு-வை நாங்கள் ஒதுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இதுதான்: அதோடு வரும் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு சேர்க்க வழியே இல்லை.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே இதைப் பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி என்று அர்த்தம். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ராம் பற்றவைத்தது. சில மாடல்களில் பாதி பற்றவைத்து, பாதிக்கு ஸ்லாட் வைத்திருப்பார்கள். அந்த மாதிரி இருந்தால் கம்பெனி இணையதளத்தில் அதே மாடல் நம்பரைப் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜி.பி. போட்டால் இடம் கூடுவதோடு இரண்டு ராமும் இணையாக வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இது நன்றாகவே தெரியும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. எடுங்கள். வீட்டில் திறந்து பார்த்தால் 476 என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி 1000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

திரை 1920-க்கு 1080 இருக்கிறதா, ஐ.பி.எஸ். வகையா என்று பாருங்கள். டி.என். வகைத் திரையை நேராகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். மூடியை முன்னும் பின்னும் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், முகங்கள் நெகட்டிவ் போல மாறும். மணிக்கணக்கில் புரோகிராம் எழுதப்போகிற பிள்ளைக்கு அது கண்வலியைத்தான் தரும்.

கடைசியாக ஒன்று. வாரண்டி ஒரு வருடம் என்பதோடு நிறுத்தாமல், உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள். மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிவது இதில்தான்.

பி.காம். படிக்கிறேன். குரோம்புக் மலிவாகக் கிடைக்கிறது. போதுமா?
— கல்லூரி மாணவி, ஈரோடு

வேண்டாம். டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது, கூகுளின் குரோம் ஓ.எஸ். ஓடும் குரோம்புக்கில் நேரடியாக ஏறாது. எக்செல் கூட பிரவுசர் வழியாகத்தான், அதில் மேக்ரோ எழுத முடியாது. ஐ3-1215யு, 8 ஜி.பி. உள்ள விண்டோஸ் லேப்டாப் உங்கள் மூன்று வருடத்துக்குத் தாராளம். டேலியை லைசென்ஸ் வாங்காமல் 'எஜுகேஷனல் மோட்' வழியாகவே பழகலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட விடும், பழகுவதற்கு அது போதும்.

20,000 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. சென்னை ரிச்சி தெருவில் பழைய திங்க்பேட், லாட்டிட்யூட் எல்லாம் இந்த விலைக்குள் கிடைக்கும் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வாங்கலாம். இந்தத் தொகைக்குப் புதிதாகக் கிடைக்கும் செலரான் லேப்டாப்பை விட, நிறுவனங்களில் ஓடி வெளியே வந்த லேப்டாப் கட்டுமானத்திலும் கீபோர்டிலும் பல படி மேல். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே போகாதீர்கள். இதற்குக் காரணம் இரண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இரண்டாவது, ஐ5-7200யு-வில் இரண்டே கோர், ஐ5-8250யு-வில் நான்கு. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஓடுவதைக் காட்டினாலும் ஏமாற வேண்டாம், விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியிருப்பார்கள். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 மூன்றும் பெரும்பாலும் இந்தத் தலைமுறை. மூன்றிலும் இரண்டு ராம் ஸ்லாட் உண்டு. டி480எஸ் வேறு மாடல், அதில் ஒரு பகுதி ராம் பற்றவைத்தது. அந்த ஒற்றை 'எஸ்' எழுத்தைக் கவனியுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய முதல் வேலை, விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போவது. ஆன் செய்தவுடன் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10-ஐத் தட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிடுங்கள். "உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றினால் போய்விடும்" என்பார்கள், இந்த வகை லேப்டாப்பில் போகாது. உள்ளே போக முடிந்தால் செக்யூரிட்டி பகுதியில் 'கம்ப்யூட்ரேஸ்' அல்லது 'அப்சல்யூட்' என்ற வரியைப் பாருங்கள். 'ஆக்டிவேட்டட்' என்றிருந்தால், பழைய நிறுவனம் அதைத் தொலைவிலிருந்தே பூட்டிவிட முடியும்.

அடுத்தது பலரும் தவறவிடுவது. விண்டோஸை உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்துவிட்டு ஆரம்பத் திரைகளை ஓட்டுங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக இமெயில் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கணக்கில்தான் பதிவாகியிருக்கிறது. இணையம் இல்லாமல் செட்டப் முடித்துக் காட்டினால் இது வெளியே தெரியாது. அதனால்தான் ஹாட்ஸ்பாட்டை வலியுறுத்துகிறோம்.

பேட்டரிக்கு விண்டோஸே அறிக்கை தரும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி, ஓர் இடம் விட்டு ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடியுங்கள். கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று அது காட்டும், அதைத் திறங்கள். 'டிசைன் கெப்பாசிட்டி' 50,000, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 30,000 என்று இருந்தால் பேட்டரியில் 60 சதவீத உயிர்தான் மிச்சம். 70-க்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். டி480-இல் இரண்டு பேட்டரி, இரண்டையும் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி தூக்கிக்கொண்டிருந்தாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை வாங்கவே கூடாது.

பிறகு நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு யு.எஸ்.பி.யிலும் பென்டிரைவ் செருகுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பில்லில் லேப்டாப்பின் சீரியல் நம்பரும் எத்தனை நாள் வாரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். வாய்வார்த்தை வாரண்டிக்கு மதிப்பில்லை.

மகன் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். கேமிங் லேப்டாப்தான் வேண்டும், படிப்புக்கே அது தேவை என்கிறான். உண்மையா?
— ஒரு தாய், மதுரை

பாதி உண்மை. முதல் வருட என்ஜினீயரிங் கிராபிக்ஸுக்கு வரைபட சாஃப்ட்வேரான ஆட்டோகேட் போதும், அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. கல்லூரிச் சான்று கொடுத்தால் ஆட்டோடெஸ்க் அதை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. சாலிட்வொர்க்ஸில் பெரிய அசெம்பிளி செய்வது, அன்சிஸில் அனாலிசிஸ் ஓட்டுவது எல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் வரும். அப்போது தனி கார்டும் 16 ஜி.பி. ராமும் நிஜமாகவே உதவும்.

கையில் பணம் இருந்தால் ஆர்.டி.எக்ஸ். 3050 கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடலை இப்போதே எடுக்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே 3050-ஐ 35 வாட் முதல் 80 வாட் வரை கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு அளவில் ஓட்டுகிறார்கள். வாட் குறைந்தால் வேகமும் குறையும். இந்த வாட் அளவைத்தான் டி.ஜி.பி. என்பார்கள். 'டி.ஜி.பி. எவ்வளவு?' என்று கேளுங்கள், பெட்டியில் போடாவிட்டாலும் கம்பெனி இணையதளத்தில் பெரும்பாலும் இருக்கும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் துறையில் லேப் மாலையிலும் திறந்திருக்குமா, என்ன சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள் என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் எடை, சார்ஜரும் கனம். பிளக் இல்லாத வகுப்பறையில் பேட்டரி பாதி நாள் தாங்குவதே கஷ்டம். தினமும் பஸ்ஸில் போகிற பையன் என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

கடையிலேயே விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் 'செட்' பண்ணித் தருகிறோம் என்கிறார்கள். விடலாமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

விடாதீர்கள். உங்கள் பிள்ளையின் சொந்த இமெயிலை வைத்து நீங்களே செய்யுங்கள். லேப்டாப்போடு வரும் ஆபீஸ், முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆக்டிவேட் ஆகிறதோ அதற்கே சொந்தமாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில், கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவைக்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். கடைக்காரர் தன் இமெயிலைப் போட்டிருந்தால் கீ அவரிடம். இரண்டு வருடம் கழித்து ஒரு பயோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் அந்த கீயைக் கேட்டால், புராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, பில்லோடு வையுங்கள்.

விண்டோஸ் இல்லாமல் 'டாஸ்' போட்ட லேப்டாப் விலை குறைவு என்று காட்டினால், விண்டோஸ் லைசென்ஸ் விலையைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஹாஸ்டலில் சார்ஜ் போட்டபடி தொட்டால் புது லேப்டாப் கையில் சுர்ரென்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

மெட்டல் மூடி உள்ள லேப்டாப்பாக இருக்கும். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகச் சிறு மின்கசிவு இயல்பாகவே உண்டு. மூன்றாவது பின் அதை எர்த்துக்கு இறக்கிவிடும். இரண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டியிருந்தாலோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் ஒயரே இல்லாவிட்டாலோ அது உங்கள் விரலுக்கு வரும். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அறையின் எர்த்தில்தான் சந்தேகம். ஹாஸ்டல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே செய்யாதீர்கள். பல்பு பளிச்சென்று எரிந்தாலோ, எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உடனே விழுந்தாலோ எர்த் இருக்கிறது. அப்போது அடாப்டரைச் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ, லேப்டாப்பை மாற்றினாலும் புதிதாக வருவதும் சுர்ரென்றுதான் இருக்கும். எர்த்தைச் சரிசெய்யச் சொல்லி வார்டனிடம் எழுதிக் கொடுங்கள். அதே போர்டில் வாட்டர் ஹீட்டர் கம்பியை மாட்டுகிறவர்கள் இருந்தால், சரியாகும்வரை மாட்ட விடாதீர்கள்.