டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு மாத்திரை விலை குறைவுதானே, குடும்பங்கள் ஏன் கடனாளியாகின்றன?

மாத்திரை சின்னச் செலவு. பெரிய செலவு, கூடவே இருக்க வேண்டிய ஆள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பீடு. குளிப்பாட்ட, ஊட்ட, நடுராத்திரியில் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போய்விடாமல் பார்க்க, பெரும்பாலும் மகளோ மருமகளோ வேலையை விடுகிறார். அந்தச் சம்பள இழப்பு யார் கணக்கிலும் ஏறாது. காப்பீடோ பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான், டயப்பருக்குக் கிடைக்காது.

பலர் சறுக்குவது வங்கியில். நோயாளியின் கையெழுத்து கோணிவிட்டால் அவருடைய பென்ஷனை எடுப்பதே திண்டாட்டம். பவர் பத்திரத்தை நம்பாதீர்கள்: கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுப்படி அது முடிந்துபோகிறது. நினைவு தெளிவாக உள்ளபோதே, கணவன் மனைவி பெயரில், இருவரில் யார் கையெழுத்திட்டாலும் பணம் எடுக்கக்கூடிய ‘ஈதர் ஆர் சர்வைவர்’ கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.