ஜெல் வைத்துக் கிருமி கண்டுபிடிக்கும் படிப்பு: கோபிசெட்டிபாளையம் அம்மாவுக்குப் பதில்

வணக்கம்ங்க. பிளஸ் டூ படிக்கிற பொண்ணு ஹைட்ரோஜெல் சென்சார் ஆராய்ச்சிதான் வேணும்னு நிற்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கீங்க. போடும். ஆனால் நாலு வருஷத்தில் போடாது, மேற்படிப்பு கட்டாயம். அதுவரை வீட்டுச் செலவு தாங்குமா என்று இப்பவே பேசி வைங்க.

வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். தண்ணீரில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் குடல் பாக்டீரியா) இருக்கிறதா என்று அறிய இன்றைக்கும் கிருமியை 35-37 டிகிரியில் ஒரு நாள் வளர்த்துப் பார்க்கிறார்கள். ஹைட்ரோஜெல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலை. அதற்குள் எக்ஸ்-குளுக் என்ற பொருளை வைத்தால், ஈ.கோலையின் பீட்டா-குளுக்குரோனிடேஸ் நொதி அதை வெட்டி நீல நிறம் தரும். கேட்க எளிது. ஆனால் பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் துளைகள் நானோமீட்டர் கணக்கு. கிருமியோ 1-2 மைக்ரான், அதாவது 1,000-2,000 நானோமீட்டர். உள்ளே நுழையாது. அதனால் கிருமியை உடைத்து நொதியை வெளியே எடுக்க வேண்டும். குடிநீர்த் தரமோ 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது என்கிறது. ஒற்றைக் கிருமியின் நொதி கண்ணுக்குத் தெரியும் நிறம் தராது, 0.45 மைக்ரான் வடிகட்டியில் சேர்த்தெடுக்கணும், இல்லையென்றால் வளர நேரம் கொடுக்கணும். 'நிமிடங்களில் முடிவு' என்ற செய்தியைப் படித்தால், குறைந்தது எத்தனை கிருமி இருந்தால் காட்டும் என்பதைத்தான் பொண்ணு முதலில் தேட வேண்டும். ஆபத்தான O157:H7 என்ற ஈ.கோலை வகையில் பெரும்பாலும் இந்த நொதி வேலை செய்வதில்லை. நீலம் வரவில்லை என்பதால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. நொய்யல் பக்கத்துச் சாயத்தண்ணீரில் நீலம் வந்தாலும் அது எதனுடைய நீலம் என்ற கேள்வி வேறு!

அவளுக்கு இது ஒத்துவருமா என்று பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். 100 மில்லி தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவணும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும். குமிழி அடங்க ஒரு ராத்திரி வைத்து, 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் மணி மணியாக ஜெல் உருவாகும். அந்த மணிகளைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் போட்டால் இளகிக் கரையும், சிட்ரேட் கால்சியத்தை உருவி எடுத்துவிடுவதால். கிருமி ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் பாஸ்பேட் பஃபரும் (அமில-காரத் தன்மை மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) இதே வேலையைச் செய்யும். இது சலிப்பாக இல்லாமல், அப்போ எந்த பஃபர் போடலாம் என்று அவள் கேட்டால் தாராளமாக அனுப்புங்க. கிருமியை மட்டும் வீட்டில் வளர்க்க வேண்டாம்.

பட்டப் பெயரில் சென்சார், நானோ என்று தேடாதீங்க. வேதியியல், நுண்ணுயிரியல், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் மூன்றும் சேருமிடம் இது. ஒன்றில் அடித்தளம் உறுதியாக இருந்தால் போதும். டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு) வழியில் 200-க்குக் கட்-ஆஃப்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி. டெக், குமரகுரு, உங்களுக்குப் பக்கத்தில் சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் ஆகியவற்றில் உயிர்த்தொழில்நுட்பம் இருக்கிறது. ஆய்வகம் தூங்கும் கல்லூரியில் பி.டெக். சேர்வதைவிட நல்ல கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் எவ்வளவோ மேல். நேரில் போகும்போது ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீங்க, அதன் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்க. அதைக் கடைசியாக ஓட்டிய தேதியைப் பார்த்தாலே ஆய்வகம் தூங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

பட்டம் முடிந்ததும் நம்ம பக்கம் கிடைப்பது பெரும்பாலும் பால், முட்டை, தண்ணீர்ப் பரிசோதனை வேலைதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 25 கிராம் மாதிரியில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இல்லை என்று சொல்ல வளர்ப்பு முறையில் சில நாட்கள் ஆகிறது. நாமக்கல் முட்டை ஏற்றுமதியில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு செலவு என்று அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். மேலே படிக்க கேட் (GATE, பொறியியல் மேற்படிப்புக்கான தேர்வு) அல்லது கேட்-பி (GAT-B, உயிர்த்தொழில்நுட்ப மேற்படிப்புக்கான தேர்வு) எழுதணும். கேட் வழியில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000. கேட் எழுதுவதாக இருந்தால் மூன்றாம் வருடக் கோடை விடுமுறையிலேயே தயாரிப்பைத் தொடங்கட்டும். கடைசி வருடம் புராஜெக்ட்டுக்கே நேரம் போய்விடும்.