தெற்கு லுவாங்வா: காட்டுக்குப் போகுமுன் கேட்டவை

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்கு நான் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். அங்கே போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரை பதில்.

அக்கா, எல்லோரும் கென்யாவின் மாசாய் மாரா என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் ஜாம்பியா?

ஆற்றைக் கடக்கும் காட்டுமாட்டுக் (வில்டபீஸ்ட்) கூட்டத்தைப் பார்க்கத்தான் ஆசையென்றால் மாராவுக்கே போங்கள். லுவாங்வாவில் அது கிடையாது. காண்டாமிருகம் இல்லை, சிவிங்கிப்புலியும் (சீட்டா) இல்லை. ஆனால் சிறுத்தைக்கு இதைப் போல இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை. இரவு எட்டு மணி வரை விளக்கோடு வண்டியில் சுற்றலாம், சிறுத்தை வேட்டைக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் இல்லாத தோர்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கிறது. பூங்காவின் பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். உள்ளே தள்ளி இருக்கும் முகாம்களில் தங்கினால், பாதி நாள் வேறொரு வண்டியே கண்ணில் படாது.

ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 900 டாலர் கேட்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஓலைக் குடிசை! இது நியாயமா?

நானும் முதலில் இப்படித்தான் பொருமினேன். நவம்பரில் மழை பிடித்தால் லுவாங்வா ஆறு கரை தாண்டும், மண்பாதைகள் மூழ்கிவிடும். அதனால் உட்காட்டு முகாம்கள் பலவற்றை மழைக்கு முன் பிரித்துவிட்டு, அடுத்த மே, ஜூனில் மூங்கிலும் நாணலும் புல்லும் வைத்துத் திரும்பக் கட்டுகிறார்கள். ஐந்தாறு மாத வருமானத்தில்தான் வருஷச் செலவு ஓட வேண்டும். அரிசி, பருப்பு, டீசல் எல்லாம் லாரியில் அந்தப் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர வேண்டும். ஒரு முகாமில் ஆறு அல்லது எட்டு விருந்தினர்கள், வேலையாட்கள் அதைவிட அதிகம்.

சாப்பாடு, வண்டி, நடை, துணி துவைப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். என்னைக் கேட்டால், நீச்சல் குளம் இருக்கிறது என்பதற்காக ஒரு விடுதிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வழிகாட்டி யார், எத்தனை வருஷம் அந்தக் காட்டில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். நல்ல வழிகாட்டி கிடைத்தால் கூடுதலாக இரண்டு ராத்திரி தங்குங்கள்.

காட்டுக்குள் நடந்து போவது ஆபத்தில்லையா? என் மகனுக்கு ஒன்பது வயது, கூட்டிப் போகலாமா?

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் நடக்க விடமாட்டார்கள். மகனை வண்டியில் கூட்டிப் போங்கள், நடை இன்னும் மூன்று வருஷம் கழித்து.

சுற்றுலாவுக்கு வந்தவர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழக்கத்தை 1950-இல் இங்கே தொடங்கியவர் நார்மன் கார். நிலம் தந்த உள்ளூர்ப் பழங்குடித் தலைவர் சீனியர் சீஃப் ன்செஃபுவின் மக்களுக்கும் வருமானத்தில் பங்கு போக வேண்டும் என்பது அவர் யோசனை. இன்றைக்கும் முன்னால் துப்பாக்கியோடு வனத்துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் நாம் ஒற்றை வரிசையில். பேச்சு கூடாது, எது வந்தாலும் ஓடக் கூடாது. வழிகாட்டி அடிக்கடி காலால் புழுதியைக் கிளப்பி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். நம் வாடை யானைக்கு முன்கூட்டியே போய்விடக் கூடாது.

ஒரு காலையில் யானையைத் தேடிப் போய் ஒன்றும் கிடைக்கவில்லை. வழிகாட்டி குனிந்து மணலில் ஒரு சின்னக் குழியைப் புல்லால் சீண்டினார். உள்ளே இருந்து கொடுக்கு எட்டிப் பார்த்தது. நம்ம ஊர் குழியானை! சின்ன வயதில் திண்ணையோரம் நாங்கள் தோண்டி விளையாடியதுதான். யானை தேடிப் போய்க் குழியானை பார்த்து வந்ததை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது, மேடம்?

ஜூன் முதல் அக்டோபர் வரை. ஜூலை விடியலில் திறந்த வண்டியில் பல் கிட்டும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஆனால் குட்டைகள் வற்றி விலங்குகளெல்லாம் ஆற்றுக்கே வந்துவிடும். செப்டம்பரில் ஆற்றங்கரை மண்சுவரில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் ஆயிரக்கணக்கில் பொந்து வைக்கும். எனக்குச் செப்டம்பர்தான்.

உடை, பெட்டி?

கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். ராணுவப் புள்ளி போட்ட துணி ஜாம்பியாவில் சட்டப்படியே கூடாது. பூங்காவுக்குப் போகும் சின்ன விமானங்களில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் மடங்குகிற துணிப்பையில். நான் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு போய், தலைநகர் லுசாகாவில் அவசரமாக ஒரு பை வாங்கி மாற்றினேன்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

முன்கூட்டியே எழுதிச் சொன்னால் கவலையில்லை. ஊர்ச் சாப்பாட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ன்ஷிமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. அதற்குத் தொட்டுக்கொள்ள இஃபிசாஷி, அதாவது கீரையை வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்தது. ஊறுகாய் மட்டும் கையோடு கொண்டு போங்கள்.

தடுப்பூசி?

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொள்வதே நல்லது. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி கூடாரத்துக்குள் ஏதாவது வந்துவிட்டால்?

வேலி கிடையாது. நீர்யானை ராத்திரியில் கரையேறி உங்கள் கூடாரத்துப் பக்கத்திலேயே புல் மேயும், பழைய வேட்டியைக் கிழிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். மூடிய கூடாரத்தை அது சீண்டுவதில்லை. நீங்கள் வெளியே வந்து அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றால்தான் வினை. அதனால் இருட்டிய பிறகு சாப்பிடப் போவதற்கும் திரும்புவதற்கும் காவலர் துணைக்கு வருவார். அவர் வராமல் ஜிப்பைத் திறக்காதீர்கள். தண்ணீரையும் டார்ச்சையும் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுங்கள்.