கேள்வி – பதில்: ஐரோப்பிய ஹாக்கியின் இரண்டாம் படி

கேள்வி: 2025 டிசம்பர் 2ஆம் தேதி எங்கள் ஊரில் நடந்த இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் மோதியதை மகனை அழைத்துச் சென்று பார்த்தேன். இந்தியா 5-0 என்று வென்றது. “பனிமலை நாட்டில் ஹாக்கி எல்லாம் ஆடுவார்களா அப்பா?” என்று அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஐரோப்பாவில் அந்த நாட்டின் இடம் எது?
– வாசகர், மதுரை

பதில்: ஆடுகிறார்கள் என்பது மட்டுமல்ல, நீண்ட காலமாகவே ஆடி வருகிறார்கள். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா தன் முதல் ஹாக்கித் தங்கத்தை வென்றபோது வழியில் வீழ்த்திய நாடுகளில் சுவிட்சர்லாந்தும் ஒன்று. அன்றைய கணக்கு 6-0. அதே தொடரில் நம்மிடம் தோற்ற ஆஸ்திரியா இன்று ஐரோப்பாவின் மேல்வரிசைக்கு வந்துவிட்டது, டென்மார்க்கோ கீழ்ப் படிகளில் இருக்கிறது. பனிக்காலத்தில் என்ன செய்வார்கள் என்று உங்கள் மகன் அடுத்துக் கேட்டால், கூரைக்குள் ஆடும் உள்ளரங்க ஹாக்கியைச் சொல்லுங்கள். 2018இல் பெர்லினில் நடந்த உள்ளரங்க உலகக் கோப்பையை வென்றது ஆஸ்திரியாதான்.

ஐரோப்பாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள் ஹாக்கியை நடத்துகின்றன. ஐரோப்பிய ஆடவர் சாம்பியன்ஷிப் 1970இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கியபோது வலியவரும் எளியவருமாகப் பத்தொன்பது அணிகள் ஒரே களத்தில் இறங்கின. மேற்கு ஜெர்மனி வென்றது. அப்படி எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தால் பெரிய அணிகள் கோல் குவிப்பதும் சிறிய அணிகள் வெறுங்கையோடு ஊர் திரும்புவதுமே மிஞ்சும் என்பதால், காலப்போக்கில் அணிகளின் எண்ணிக்கை சுருங்கியது. 2003இல் பார்சிலோனாவில் பன்னிரண்டு, 2005 முதல் எட்டு என்று மேல்வரிசை நின்றது. மற்ற நாடுகளுக்கு அதன் கீழே இரண்டாம், மூன்றாம், நான்காம் படிகளாகத் தனித்தனித் தொடர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கின்றன. முன்பு இவற்றுக்கு ‘டிராபி’, ‘சேலஞ்ச்’ என்று வேறு பெயர்கள் இருந்தன. இப்போது சாம்பியன்ஷிப் என்ற பெயருடன் எண்ணை மட்டும் சேர்த்துச் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஆடவர் அணி அண்மை ஆண்டுகளில் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே இருந்து வருகிறது. நீங்கள் மதுரையில் பார்த்த இளைஞர்களில் பலரும் நாளை அந்தப் படிகளில்தான் தங்கள் நாட்டுக்காக ஆடப்போகிறார்கள்.

கேள்வி: பள்ளிப் பருவத்தில் ஹாக்கி ஆடியவன் நான். இரண்டாம் படித் தொடர்களில் இறுதி ஆட்டத்தைவிட வேறு ஆட்டங்களுக்கே மவுசு அதிகம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது எப்படி?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் நண்பர் விவரம் தெரிந்தவர். பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த அமைப்பை வைத்து விளக்குகிறேன். எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு இடம் பெறுபவை அரையிறுதிக்குப் போகும். தொடரின் முடிவில் முதல் இரண்டு அணிகள் மேல்வரிசைக்கு ஏறும். கடைசி இரண்டு அணிகள் அடுத்த படிக்கு இறங்கும்.

இதிலுள்ள சூட்சுமம் இதுதான். அரையிறுதியில் வென்ற இரு அணிகளுமே இறுதி ஆட்டம் தொடங்கும் முன்பே மேலே ஏறிவிட்டன. அந்த ஆட்டத்தில் மிச்சமிருப்பது கோப்பையும் பெருமையும்தான். அரையிறுதியில் தோற்ற அணிக்கோ மறுநாள் வெண்கலப் பதக்கம் கிடைத்தாலும் இன்னும் இரண்டு ஆண்டுகள் இதே படியில் காத்திருக்க வேண்டும். ஆகவே, உண்மையான இறுதி ஆட்டங்கள் இரண்டு, அவை ஒரே நாளில் நடக்கின்றன. அரையிறுதியில் ஒரு பெனால்டி கார்னர் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பினால், அதன் விலை இரண்டு ஆண்டு.

கீழ்ப்பாதியின் கணக்கு இன்னும் நுட்பமானது. இரு பிரிவுகளிலும் மூன்றாம், நான்காம் இடம் பெற்ற நான்கு அணிகளும் சேர்ந்து புதிய பிரிவாக ஆடும்போது, ஏற்கெனவே ஒரே பிரிவில் தங்களுக்குள் மோதியவர்கள் மறுபடி மோதுவதில்லை. முன்பு பெற்ற முடிவும் புள்ளிகளும் அப்படியே புதிய அட்டவணைக்கு வந்துவிடும். மற்ற பிரிவிலிருந்து வந்த இரு அணிகளுடன் மட்டும் ஆடினால் போதும். அதாவது, தொடரின் முதல் நாளில், பார்வையாளர் பாதிப்பேர்கூட வந்து சேராத காலை வேளையில், பிரிவின் எளிய அணிகள் இரண்டு மோதிய ஆட்டம் ஒரு வாரம் கழித்து யார் கீழே விழுவது என்பதை முடிவு செய்யக்கூடும். இந்த அணிகளின் பயிற்சியாளர்கள் பிரிவின் பெரிய அணியுடன் ஆடும்போது முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து, சம பலமுள்ள அணிக்காக அவர்களைப் பத்திரப்படுத்துவதுண்டு. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அட்டவணையைச் சரியாக வாசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: 2023 உலகக் கோப்பையில் புவனேஸ்வரில் நம் அணியைத் திணறவைத்த வேல்ஸ், அதற்கு முன் எங்கே இருந்தது? அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்கவே முடியவில்லையே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வேல்ஸின் கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்குகிறது. 2014 காமன்வெல்த் போட்டிக்காக அங்கே கட்டப்பட்ட ஹாக்கி மையத்தில், 2017 ஆகஸ்டில் இரண்டாம் படித் தொடர் நடந்தது. பிரான்சும் ரஷ்யாவும் முந்தைய மேல்வரிசைத் தொடரிலிருந்து இறங்கி வந்திருந்ததால், அவையே திரும்ப ஏறிவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. ஆனால் இறுதிக்குப் போனவை ஸ்காட்லாந்தும் வேல்ஸும். ஸ்காட்லாந்து கோப்பையை வென்றது. நான் மேலே சொன்ன கணக்குப்படி இரண்டுமே மேலே ஏறின.

2019இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த மேல்வரிசைத் தொடரில் இவ்விரு அணிகளின் வழிகள் பிரிந்தன. வேல்ஸ் ஆறாம் இடம் பெற்றுத் தப்பியது. கிளாஸ்கோவில் அதை வென்ற ஸ்காட்லாந்து கடைசி இரண்டு இடங்களுக்குள் முடிந்து, ஏறிய வேகத்திலேயே இறங்கியது. இன்னும் வேடிக்கை, அதனுடன் சேர்ந்து இறங்கியது அயர்லாந்து; நான்கு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இதே தொடரின் வெண்கலத்தை இங்கிலாந்திடமிருந்து பறித்த அணி அது. மேலே தங்கிவிட்ட வேல்ஸ், 2021 அக்டோபரில் தன் தலைநகரான கார்டிஃபில் நடந்த தகுதிச் சுற்றின் வழியாக வரலாற்றில் முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வந்தது. அதன் வீரர்கள் முழுநேர ஊதியம் பெறுபவர்கள் அல்லர். தங்கள் கைக்காசைப் போட்டும் பொதுமக்களிடம் நிதி திரட்டியும்தான் ஒடிசாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே இங்கிலாந்திடம் 0-5, ஸ்பெயினிடம் 1-5 என்று தோற்ற பிறகு, 2023 ஜனவரி 19 அன்று இந்தியாவைச் சந்தித்தார்கள். பிரிவில் முதலிடம் பெற இந்தியாவுக்குப் பெரும் கோல் வித்தியாசத்தில் வெற்றி தேவைப்பட்டது. 2-0 என்று நாம் முன்னிலை பெற்றதும் அரங்கமே கோல் மழைக்குத் தயாரானது. மூன்றாம் கால்பகுதியின் முடிவு நெருங்கியபோது கேரத் ஃபர்லாங்கும் ஜேக்கப் டிரேப்பரும் அடுத்தடுத்து அடித்த கோல்களால் ஆட்டம் 2-2 ஆனது. கடைசியில் 4-2 என்று இந்தியா வென்றது உண்மை. ஆனால் கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்து முதலிடத்தை எடுத்துக்கொள்ள, காலிறுதிக்கு முந்தைய கூடுதல் ஆட்டத்துக்குத் தள்ளப்பட்ட நாம் நியூஸிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்று வெளியேறினோம். வேல்ஸ் வெறுமனே தோற்ற அணி என்று பதிவேடு சொல்லும். அந்த இரண்டு கோல்களும் நம் வழியை மாற்றியதில் ஒரு பங்கு வகித்தன என்பது என் கருத்து.

அந்தப் பெயரைக் கேட்க முடியவில்லை என்றீர்கள். ஒலிம்பிக்கில் வேல்ஸ் என்று தனி அணி கிடையாது; இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீரர்கள் பிரிட்டன் என்ற ஒரே சீருடையில் ஆடுகிறார்கள். நம்மை எதிர்த்துக் கோல் அடித்த அந்த இருவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியில் இருந்தார்கள். பார்த்திருப்பீர்கள், வேல்ஸ்காரர்கள் என்று அறிந்திருக்கமாட்டீர்கள்.

கேள்வி: கீழ்ப் படி என்றால் தரம் குறைந்த ஆட்டம்தானே? அதைப் போய் எதற்குப் பார்க்க வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: மூன்றாம், நான்காம் படிகளைப் பற்றி என்றால் நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. இரண்டாம் படியைப் பற்றி என்றால் அர்ஜென்டினாவைத்தான் கேட்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அந்த அணி, 2018 டிசம்பரில் புவனேஸ்வரில் நடந்த உலகக் கோப்பையில் பிரான்சிடம் 3-5 என்று தோற்றது. பிரான்ஸ் அப்போது ஐரோப்பாவின் மேல்வரிசையிலேயே இல்லை. முந்தைய ஆண்டு கிளாஸ்கோவில் ஏற முடியாமல் இரண்டாம் படியிலேயே நின்றுபோயிருந்த அணி. அது பிறகு சீனாவையும் வென்று காலிறுதி வரை சென்றது, ஆஸ்திரேலியாதான் அதை நிறுத்தியது. அயர்லாந்தும் அப்படித்தான். மேல்வரிசையில் இடமில்லாத நிலையில், 2024 ஜனவரியில் வலென்சியாவில் தென் கொரியாவை 4-3 என்று வென்று பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. பாரிஸில் நாம் அதனுடன் ஆடினோம். ஹர்மன்பிரீத் சிங்கின் இரண்டு கோல்கள் நமக்கு வெற்றி தந்தன.

ஐரோப்பாவில் ஒன்பதாவது இடத்தில் இருப்பது வேறு, உலகில் ஒன்பதாவது இடத்தில் இருப்பது வேறு. முன்னது சில சமயம் கடினம்.

கேள்வி: முதல் இரண்டு அணிகள் மேலே ஏறும் முறை இப்போதும் உண்டா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அதே வடிவில் இல்லை. 2023 மேல்வரிசைத் தொடருக்கு, 2021 தொடரின் முதல் ஐந்து அணிகள் மட்டுமே நேரடியாகத் தகுதி பெற்றன. மீதி மூன்று இடங்களுக்காக 2022இல் தனித் தகுதிச் சுற்றுகள் நடந்தன. கீழிருக்கும் அணிகள் ஏறுவதற்கான வாசல் இப்போது அங்கேதான். அங்கே தவறியவை அடுத்த ஆண்டு இரண்டாம் படித் தொடரில் கூடுகின்றன. எனவே இரண்டாம் படியின் கோப்பையை வென்றால் மேலே இடம் உறுதி என்று இனிச் சொல்ல முடியாது. 2023இல் டப்ளினில் சொந்த மண்ணில் அந்தக் கோப்பையை வென்ற அயர்லாந்து, 2025இல் ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் நகரில் ஆடிய எட்டு அணிகளில் இல்லை. போலந்தும் ஆஸ்திரியாவும் இருந்தன.

புதிய முறைக்கு நியாயம் இருக்கிறது: மேலும் பல நாடுகளுக்கு ஆண்டுதோறும் பொருளுள்ள ஆட்டங்கள் கிடைக்கின்றன. ஆயினும் எனக்குப் பழைய முறையின்மீதுதான் பற்று. ஒரே வாரத்தில், ஒரே மைதானத்தில், ஓர் அணி ஏறுவதையும் இன்னோர் அணி இறங்குவதையும் கண்ணெதிரே காட்டிய முறை அது. தவிர, களத்துக்கு வெளியேயும் இந்தப் படிகள் மாறியிருக்கின்றன. உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து, இரண்டாம் படிக்கும் மேல்வரிசைக்கும் மாறி மாறி வந்துகொண்டிருந்த ரஷ்யா 2022 மார்ச்சில் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. உக்ரைனோ போருக்கு நடுவிலும் அணி திரட்டி டப்ளினுக்குச் சென்றது. அடுத்த ஜனவரியில் வலென்சியாவில் பெல்ஜியம், அயர்லாந்து, ஜப்பான் இருந்த பிரிவில் ஒலிம்பிக் தகுதிக்காகவும் ஆடியது.