மலக்குடல் கட்டிக்கு அறுவை வேண்டாமா? செங்கோட்டை டாக்டருக்குப் பதில்

மலக்குடல் புற்றுக் கட்டி உள்ள உங்கள் 38 வயது நோயாளிக்கு அறுவை இல்லாமல் மருந்திலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுவை தேவையில்லை என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள் டாக்டர். திருவனந்தபுரம் சிஎம்இ-யில் (டாக்டர்களுக்கான தொடர்கல்விக் கூட்டம்) நீங்கள் கேள்விப்பட்ட டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு) குறைபாடுள்ள மலக்குடல் கட்டிகளுக்குத்தான். 2022-ல் வெளியான ஆய்வில் முதல் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது உண்மை. ஆனால் மலக்குடல் புற்றுகளில் அந்த வகை 5 முதல் 10 சதவீதம்தான்.

புனலூரில் எடுத்த பயாப்ஸியில் 'அடினோகார்சினோமா' (சுரப்பிச் செல் புற்று) என்று ஒரே வரி என்கிறீர்கள். அநேகமாக எம்எம்ஆர் சோதனையே கேட்கப்படவில்லை. மறுபடி சதை எடுக்க வேண்டாம். அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையே வாங்கி எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு எம்எம்ஆர் புரதங்களுக்கும் ஐஎச்சி (நிறமேற்றிப் புரதத்தைக் காட்டும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். பக்கத்து லிம்போசைட்டில் (சாதாரண வெள்ளையணுவில்) நிறம் ஏறி, புற்றுச் செல்லின் உட்கருவில் ஏறாமல் இருந்தால் குறைபாடு.

38 வயதுக்காரர் என்பதால் இதை விடவே கூடாது; இளம் வயதில் வந்தால் குறைபாடு பரம்பரையாக இருக்கலாம். அப்பா, சித்தப்பா யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்றும் கேளுங்கள்.

நான்கும் சரியாக இருந்தால் கதிர்வீச்சு, கீமோ, அப்புறம் அறுவை என்ற வழக்கமான பாதைதான். ரிசல்ட் வரட்டும் என்று எம்ஆர்ஐ-யைத் தள்ளிப்போடாதீர்கள்.