சுதந்திரம் கிடைத்த அன்றே அரசியலமைப்பு ஆட்சியும் வந்துவிட்டதா?

காலனியாக இருந்த நாடுகள் சுதந்திரம் வாங்கிய பிறகு அரசியலமைப்புச் சட்டப்படி நடக்கும் ஆட்சியை எப்படி அமைத்துக்கொண்டன, எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறவில்லை. என் இரண்டு தாத்தாக்களை வைத்தே சொல்கிறேன். எனக்கே இது புரிந்தது அவர்கள் கதையால்தான்.

அப்பா வழித் தாத்தாவுக்குத் திருமருகல் பக்கம். அம்மா வழித் தாத்தாவுக்கு நிரவி. சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டு பேரும் குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள். இரண்டு வயலுக்கும் காவிரித் தண்ணீர்தான். மேட்டூர் திறந்தார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் இரண்டு வீட்டிலும் நாற்று விடுவார்கள். ஆனால் திருமருகல் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா, நிரவி பிரெஞ்சுக் காரைக்கால். 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்றதால் வந்த எல்லை அது.

1947 ஆகஸ்ட் 15 திருமருகலுக்குத்தான் வந்தது, நிரவிக்கு வரவில்லை. சரி, திருமருகலிலாவது அன்றே எல்லாம் மாறியதா? அங்கும் இல்லை. கலெக்டர் ஆபீஸ் அதே, கோர்ட் அதே, ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணமும் அதே. பிரிட்டிஷார் எழுதிய 1935 இந்திய அரசுச் சட்டத்தையே கொஞ்சம் திருத்தி நாட்டை நடத்தினார்கள். பேருக்கு மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான் தலைவர். அவர் சார்பில் கவர்னர் ஜெனரல். 1948 ஜூனில் அந்தப் பதவிக்கு வந்தவர் ராஜாஜி. 1930இல் திருச்சியிலிருந்து எங்கள் டெல்டா வழியாக நடந்துபோய், வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானவர். அந்த யாத்திரைக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் அறிவித்ததும், சனங்கள் சோற்றை மூட்டை கட்டி மரத்தில் தொங்கவிட்டதும் இங்கே வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. எந்த அரசாங்கத்தை எதிர்த்து நடந்தாரோ, அதே மன்னரின் பெயரால் அவர் பதவியில் இருக்க வேண்டியிருந்தது. இடைக்காலம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

அந்த இடைக்காலத்தில்தான், அரசியலமைப்பை எழுதுவதற்கென்று கூடிய அரசியல் நிர்ணய சபை வேலை செய்தது. 1946 டிசம்பர் 9 அன்று முதல் கூட்டம். வரைவுக் குழுவில் ஏழு பேர், தலைவர் அம்பேத்கர். தமிழ்நாட்டிலிருந்து அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இருந்தார், தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த கோபாலசாமி அய்யங்கார் இருந்தார். வரைவை 1948 பிப்ரவரியில் ஊரறிய வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 7,635 திருத்தங்கள் வந்தன, அவற்றில் 2,473 சபையில் எடுக்கப்பட்டன. எனக்கு இந்த எண்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. பிரிவினைக் கலவரம், அகதிகள், சமஸ்தானங்கள் என்று தலைக்கு மேல் வேலை இருந்தபோதும், ஒவ்வொரு சொல்லுக்கும் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள். 1949 நவம்பர் 26 அன்று ஏற்றார்கள், 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ள இலங்கையைப் பாருங்கள். 1948இல் அவர்கள் சுதந்திரம் பெற்றது சோல்பரி அரசியலமைப்போடு. அது லண்டனில் ஆணையாக வெளியிடப்பட்டது, மக்கள் பிரதிநிதிகள் கூடி எழுதியதில்லை. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம், தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து போன தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். நாகப்பட்டினம் ஜில்லாவில் வளர்ந்த எனக்கு இதை வேறு யாருடைய கதையாகவோ படிக்க முடியவில்லை.

திருமருகலுக்கு வருகிறேன். 1935 சட்டப்படி ஓட்டு என்பது சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்கு. தாத்தாவுக்கு மூன்றும் கிடையாது. புதிய அரசியலமைப்பு 21 வயதான எல்லாருக்கும் ஓட்டுக் கொடுத்தது. முதல் பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் 17.3 கோடி வாக்காளர்கள். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. தாத்தா சொல்வார்: "மறைப்புக்குள்ள நான் ஒருத்தன்தான். மிராசுதார் வெளிய நிக்கிறாரு. எந்தப் பெட்டின்னு அவருக்குத் தெரியாது." இதைச் சொல்லும்போது சீட்டைப் போடுவதுபோலக் கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுவார். அவ்வளவு வருடம் கழித்தும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

அந்தத் தேர்தலில் கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்தார்கள். பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் தண்டனையாக இருந்த மண் இது, பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பல வருடம் சங்கம் கட்டிப் பாடுபட்டிருந்தார்கள். 1952இலேயே, ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது நிலத்தைப் பிடுங்க முடியாது என்று ஆனது. தாத்தாவின் பத்து மா நிலம் (மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்) அப்படித்தான் கைவிட்டுப் போகாமல் நின்றது.

இனி நிரவி. இந்தத் தாத்தாவுக்கு ஓட்டு முன்னாலேயே, 1946இலேயே இருந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே ஒரு உறுப்பினரை அனுப்பினார்கள். அவருடைய பிறப்புச் சான்று இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழுப்பேறிய தடித்த காகிதம், சாய்ந்த கையெழுத்தில் பிரெஞ்சு, அவர் அப்பாவின் பெயர் நாமே படிக்க முடியாதபடி திரிந்து கிடக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஓட்டு இருந்தது, ஆனால் சட்டம் செய்யும் இடம் கடலுக்கு அப்பால். தஞ்சாவூர்ச் சட்டம் எல்லையோடு நின்றுவிட்டது. 1953இல் சம்பா அறுவடை முடிந்ததும், அடுத்த வருடம் வேறு ஆளுக்கு விடப்போகிறேன் என்று நிலக்காரர் சொன்னார். அவ்வளவுதான். முறையிட ஒரு சட்டம் இல்லை.

அடுத்த வருடமே பிரெஞ்சு ஆட்சி போனது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம். அப்புறம்தான் இழுபறி. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது, ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலனியை விட்டுக்கொடுத்தால் இன்னொன்றும் போய்விடும் என்ற பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை ஆனது, ஆகஸ்ட் 16இல் எங்கள் ஒப்பந்தத்தை ஏற்ற காகிதமும் கைமாறியது. ஆக எட்டு வருடம் தாத்தா இந்திய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

14ஆவது திருத்தத்தால் புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் அரசியலமைப்புக்குள் வந்தன. 1963 ஜூலை 1இல் சட்டமன்றம், 1964இல் அதற்கு முதல் தேர்தல். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை அந்த மன்றம் 1970இல் நிறைவேற்றியது. திருமருகலுக்கு 1952இல் கிடைத்தது நிரவிக்கு வந்துசேர 18 வருடம் ஆகியிருக்கிறது.

சட்டம் வந்தபோது நிரவித் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தார். திருமருகல் பத்து மாவில் அப்பா இந்த வருடமும் சம்பா விட்டிருக்கிறார்.