ஒயில் கேள்வி-பதில்: போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

வாழைச்சேனை: போட் இஞ்சினுக்கு ஓட்டோவுக்கு வாங்கும் 2டி ஒயிலைக் கலக்கலாமா?
வேண்டாம். போத்தலின் பின்பக்கத்தில் டிசி-டபிள்யூ3 என்ற தரக்குறி இருக்க வேண்டும். தண்ணீரில் குளிரும் இஞ்சினுக்குச் சாம்பல் விடாத ஒயில்தான் சரி. மற்றது பிளக்கில் படிந்து, நடு வாவியில் உங்களைத் துடுப்புப் போட வைக்கும்.

செங்கலடி: மோட்டார் சைக்கிள் கிளட்ச் வழுக்குகிறது. ஏன்?
என்ன சைக்கிள், என்ன ஒயில்? ஒன்றும் எழுதவில்லை. கார் ஒயில் ஊற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கை உண்டு, ஒயிலில் ஊறும் கிளட்சுக்கு அது ஆகாது. ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற மோட்டார் சைக்கிள் ஒயில் தரக்குறியைப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கத்தில் இருக்கும்.

சம்மாந்துறை: சந்தையில் ஒருவர் மெஷின் வைத்து, ஒயிலில் கலக்கும் மருந்து ஒன்றைக் காட்டினார். சுற்றும் வளையத்தை எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை. டிரக்டருக்கு ஊற்றலாமா?
இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. அவர் காட்டியது பொய்யல்ல, ஆனால் உங்கள் இஞ்சினுக்குப் பொருந்தாது. அந்த மெஷினில் முழு அழுத்தமும் ஊசிமுனை அளவு இடத்தில் விழுகிறது. பெயரிங்கில் அப்படி இல்லை, அங்கே ஒயில் படலமே சுமையைத் தாங்கும். வால்வைத் தள்ளும் கெம், டெப்பெட் என்று உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களுக்குக் கம்பனியே இஸட்டிடிபி என்ற நாகச் சேர்மத்தைப் போட்டுத்தான் ஒயிலை விற்கிறது. 1940களிலிருந்து இருக்கும் சரக்கு.

உரசலும் சூடும் கூடும் இடத்தில் அது உடைந்து, கண்ணாடி மாதிரியான பொஸ்பேற்றுப் படலமாகப் படியும். தடிப்பு சுமார் 100 நனோமீற்றர், தலைமயிரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். உலோகத்துக்குப் பதிலாக அந்தப் படலம் தேயும், தேய்ந்த இடத்தில் மறுபடி படியும். டெப்பெட்டைக் கழற்றித் துடைத்தால், உரசும் தடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியுமே, அதுதான். கறை என்று நினைத்து அரத்தாளால் உரஞ்சும் பையன்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

இதன்மேல் மருந்து ஊற்றினால், அதுவும் அதே உலோகத்தில் இடம் பிடிக்கப் போட்டி போடும், கம்பனி போட்ட கணக்குக் குழம்பும். இப்படிக் காட்டும் மருந்துகள் சிலவற்றில் குளோரின் சேர்ந்த பரபின் இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது அமிலமாகிப் பெயரிங்கை அரிக்கும். அந்தக் காசுக்கு நல்ல ஒயில் பில்டர் ஒன்று வாங்குங்கள்.

அக்கரைப்பற்று: ஜிஎல்-4 தரக் கியர் ஒயில் கேட்கும் கியர் பொக்ஸுக்கு ஜிஎல்-5 போட்டேன். பெரிய நம்பர்தானே?
நம்பரைப் பார்த்து வாங்க இது லொத்தர் இல்லை. ஜிஎல்-5இல் கந்தகம், பொஸ்பரஸ் சேர்க்கை ஏறக்குறைய இரட்டிப்பு. டிபரன்சியலுக்கு அது நல்லது, கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சின்குரோ வளையத்துக்குக் கெடுதல். வடித்துவிட்டு மாற்றுங்கள்.

கிரான்: சேறடித்த பிறகு லேண்ட்மாஸ்டர் கை டிரக்டரின் ஒயில் பால் மாதிரி ஆகிவிட்டது. போகம் முடியும்வரை ஓட்டலாமா?
இன்றைக்கே நிறுத்துங்கள். தண்ணீர் ஏறியிருக்கிறது. நாகச் சேர்மம் தண்ணீரில் சிதைந்துபோகும், பிறகு காப்பு ஏது? சீலை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

திருக்கோவில்: புது ஒயில் 2 நாளில் கறுத்துவிட்டது. கலப்படமா?
டீசல் இஞ்சினில் ஒயில் கறுக்கத்தான் செய்யும். நிறத்தை விடுங்கள், ஓடிய மணித்தியாலத்தை எழுதி வையுங்கள்.